‘இறை’ தரும் அச்சம்: ‘பிரெய்ல்டி’ திரைப்படத்தில் தந்தையும் கொலையும்

முன்னுரை

அச்சமூட்டும் திரைப்படங்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் தமிழாய்வுலகில் குறைவு. குருதியும் அலறலும் இருளும் கலந்த மலிவான கிளர்ச்சி என்றே அவை பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் அச்சத்தை இலக்கணம் வகுத்து ஆராய்ந்த மரபு நம்முடையது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் குறிப்பிடுகிறார். இந்நான்கனுள் முதல் மூன்றும் புறத்தேயிருந்து வருவன. அணங்கு காட்டிலோ மரத்திலோ நீர்த்துறையிலோ உறைவது. விலங்கு காட்டினின்று வருவது. கள்வர் வழியில் மறிப்பவர். நான்காவதாகிய ‘இறை’ அத்தகையதன்று. ‘தம்’ என்னும் உரிமைச்சொல்லைப் பெற்று வருவது அது. நம்மைக் காப்பவரே நமக்கு அச்சத்தின் காரணமாகவும் ஆகலாம் என்னும் உண்மையை அச்சொல் உள்ளடக்கி நிற்கிறது.

இந்த நான்காம் வகை அச்சத்தை முழுமையாகக் கையாண்ட படங்களுள் ஒன்றாக, 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாகி 2002 ஏப்ரலில் அங்குத் திரையரங்குகளுக்கு வந்த ‘பிரெய்ல்டி’ என்னும் படத்தைக் கூறலாம். அப்படம் கொலைத் தந்தையை எவ்வாறு படைத்துக் காட்டுகிறது, அதன் முடிவு ஏற்கத்தக்கதா, பெற்றோர் பிள்ளையைக் கொல்லத் துணியும் நம் காப்பியக் கதைகளோடு அதனை ஒப்பிடும்போது புலப்படுவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். படத்தின் இறுதித் திருப்பத்தைக் கூறாமல் இவ்வாய்வு இயலாது என்பதை முன்னரே குறிப்பிட்டுவிடுகிறோம்.

படமும் அதன் எளிமையும்

‘ஏலியன்ஸ்’, ‘டுவிஸ்டர்’, ‘டைட்டானிக்’ முதலிய படங்களில் நடித்துப் புகழ்பெற்ற பில் பாக்ஸ்டன் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. 2017இல் மறைந்த அவர், இதில் தந்தை வேடத்தையும் தாமே ஏற்றார். திரைக்கதையை எழுதியவர் பிரென்ட் ஹான்லி. ‘ஜாஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் பில் பட்லர் இதற்கும் ஒளிப்பதிவு செய்தார். இதற்கான செலவு ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர். நமக்கு இது பெருந்தொகையாகத் தோன்றினும், ஹாலிவுட் அளவில் சிறுமுதலீடே ஆகும்.

இச்சிக்கனம் படத்திற்கு நன்மையாகவே அமைந்தது எனலாம். ஒரு வீடு, அதன் பின்புறத்தில் ஒரு கொட்டகை, தரைக்கடியில் தோண்டப்பட்ட ஒரு நிலவறை, அருகில் ஒரு ரோசாத் தோட்டம், இரவில் ஓடும் ஒரு கார் ஆகிய சில இடங்களிலேயே கதையின் பெரும்பகுதி நிகழ்கிறது. கோடரி ஓங்கப்படுவதைக் காண்கிறோம். அது உடலில் இறங்குவதைப் பெரும்பாலும் காண்பதில்லை. ஒலி மட்டும் கேட்கிறது. அவ்வேளையில் நாம் காண்பது பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனின் முகமே. கொலையைக் காட்டுவதினும் கொலையைக் காண நேர்ந்த பிள்ளையைக் காட்டுவதே இப்படத்தின் நோக்கம் என்பது இதனால் தெளிவாகிறது.

கதைப்போக்கு

டல்லாஸ் நகரிலுள்ள எஃப்.பி.ஐ. அலுவலகத்திற்கு ஓர் இரவு ஒருவன் வருகிறான். தன் பெயர் ஃபென்டன் மீக்ஸ் என்றும், ‘கடவுளின் கை’ என்னும் பெயரில் தொடர் கொலைகள் செய்து வருபவன் தன் தம்பி ஆடம் என்றும் அதிகாரி வெஸ்லி டாயலிடம் கூறுகிறான். அதன்பின் 1979ஆம் ஆண்டுக் கோடையில் டெக்சஸ் மாநிலத்தின் சிற்றூரொன்றில் நிகழ்ந்தவற்றை விவரிக்கத் தொடங்குகிறான்.

தாயை இழந்த சிறுவர் இருவரைத் தந்தை தனியே வளர்க்கிறார். வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் அவர், அன்பானவர், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுபவர். ஓரிரவு அவர் சிறுவர்களை எழுப்பி, வானவர் ஒருவர் தமக்குக் காட்சி தந்ததாகக் கூறுகிறார். உலகில் மனித உருவில் அரக்கர்கள் திரிகின்றனர் என்றும், அவர்களை அழிக்கும் பணிக்கு இறைவன் தம் குடும்பத்தைத் தேர்ந்துள்ளார் என்றும் சொல்கிறார். ஒரு கோடரியும், ஒரு சோடிக் கையுறையும், ஓர் இரும்புக்குழாயும் அவருக்குக் கிடைக்கின்றன. பின்னர்ப் பெயர்ப்பட்டியலும் வருகிறது. அப்பட்டியலில் உள்ளோரைக் கடத்தி வந்து, வெறுங்கையால் தொட்டு, அவர்தம் பாவங்களைத் தாம் கண்டதாகக் கூறி, பிள்ளைகளின் கண்முன்னே கொல்கிறார்.

இளையவன் ஆடம் நம்புகிறான். மூத்தவன் ஃபென்டன் மறுக்கிறான். மறுப்பவனைத் தந்தை பின்முற்றத்தில் பெருங்குழி தோண்டப் பணிக்கிறார். அவன் கைகள் கொப்புளம் காண்கின்றன. அவன் காவல் அதிகாரியை அழைத்து வருகிறான், அவரும் கொல்லப்படுகிறார். பிறகு அவனைத் தான் தோண்டிய குழியிலேயே உணவின்றி அடைத்து வைக்கிறார் தந்தை. இறைவனைக் கண்டுவிட்டதாகக் கூறி வெளிவரும் ஃபென்டன், அடுத்த பலியைக் கொல்லுமாறு கோடரியைத் தன் கையில் தந்தபோது, அதனைத் தந்தை மீதே பாய்ச்சுகிறான். அங்குக் கட்டுண்டு கிடந்த மனிதனை இளையவன் கொல்கிறான்.

பெயரற்ற தந்தை

இத்தந்தைக்குப் படத்தில் தனிப்பெயர் இல்லை என்பது நோக்கத்தக்கது. நடிகர் பட்டியலிலும் அவர் ‘அப்பா மீக்ஸ்’ என்றே குறிக்கப்படுகிறார். உறவே அவருடைய பெயர். அச்சப்படங்களில் வரும் கொலைத் தந்தையர் பெரும்பாலும் குடிவெறியராகவோ வெகுளியராகவோ மனம் பிறழ்ந்தவராகவோ படைக்கப்படுவர். அவர்களிடமிருந்து பிள்ளை தப்பியோட வேண்டும் என்பதில் பார்வையாளர்க்கு ஐயம் எழுவதில்லை. இவரோ குரலை உயர்த்துவதே அரிது. ஒரு வீட்டுவேலையைப் பகிர்ந்தளிப்பவர் போலக் கொலைப்பணியைப் பகிர்ந்தளிக்கிறார். காவல் அதிகாரியைக் கொன்றபின் அவர் வாந்தியெடுக்கிறார். பட்டியலில் இல்லாத ஒருவரைத் தாம் கொல்ல நேர்ந்ததற்கு மகனின் அவநம்பிக்கையே காரணம் என்று அழுகிறார்.

இன்னொரு காட்சியும் இங்கு எண்ணத்தக்கது. இளையவன் தானும் ஒரு பட்டியல் எழுதி வருகிறான். அதில் பள்ளியில் தன்னைத் துன்புறுத்தும் சிறுவனின் பெயர் உள்ளது. தந்தை அதனை மென்மையாக மறுக்கிறார். மனிதரைக் கொல்வது வேறு, அரக்கரை அழிப்பது வேறு என்று அறிவுரை கூறுகிறார். ஓர் ஆசிரியர் மாணவனின் கட்டுரையைத் திருத்தும் தொனியிலேயே அவ்வறிவுரை அமைகிறது. அறமும் கொலையும் ஒரே வாயிலிருந்து, ஒரே கனிவோடு வெளிப்படும்போது பிள்ளை எதனைப் பற்றுவது, எதனை விடுவது? அச்சம் இவ்விடத்தில்தான் உச்சம் பெறுகிறது. அணங்கிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் ஓடிவரும் பிள்ளை தந்தையிடம் அடைக்கலம் புகும். தந்தையிடமிருந்து ஓடும் பிள்ளை யாரிடம் செல்லும்?

‘இறை’ என்னும் சொல் தமிழில் அரசனையும் கடவுளையும் ஒருசேரக் குறிப்பது. திருக்குறளின் ‘இறைமாட்சி’ அரசன் சிறப்பைக் கூறுவதை நாம் அறிவோம். தலைமையுடையோர் எவரையும் அச்சொல் தழுவும் எனக் கொண்டால், இப்படத்தின் தந்தை மூன்று இறைமைகளையும் தம்மிடம் கொண்டவராகிறார். அவர் வீட்டின் தலைவர். அவ்வீட்டிற்குள் தீர்ப்பு வழங்கும் அரசர். கடவுளின் குரலாகவும் நிற்பவர். பிள்ளை முறையிடுவதற்கு மேலே ஒருவரும் இல்லை. மேலிருப்பவரே தந்தையின் பக்கம் நிற்பதாகத் தந்தை கூறுகிறார்.

சொல்வோன் யார்?

படத்தின் இறுதிப்பகுதியில், ரோசாத் தோட்டத்தில் நின்று, கதைசொல்லி தன்னை வெளிப்படுத்துகிறான். அவன் ஃபென்டன் அல்லன், ஆடம். வளர்ந்தபின் ‘கடவுளின் கை’ கொலைகளைச் செய்தவன் ஃபென்டனே என்றும், அவனைத் தான் ‘அழித்துவிட்டதாகவும்’ கூறுகிறான். டாயலின் கையைத் தொட்டதும், அவ்வதிகாரி தன் தாயைக் கொன்றவர் என்பது காட்சியாக விரிகிறது. டாயலும் கோடரிக்கு இரையாகிறார். பின்னர் எஃப்.பி.ஐ. அலுவலக ஒளிப்பதிவுகளில் ஆடமின் முகம் மட்டும் தெளிவின்றிக் கலைந்து தெரிகிறது. அவனை நேரில் கண்ட அதிகாரியாலும் அவனை அடையாளம் காண இயலவில்லை. தந்தை கண்டவை உண்மை என்றே படம் முடிகிறது.

இத்திருப்பத்தைப் பார்வையாளரை ஏமாற்றும் உத்தியாக மட்டும் கருதுதல் போதாது. படம் முழுவதும் நாம் யாருடைய துன்பத்தோடு ஒன்றினோமோ, அந்த மறுக்கும் பிள்ளையின் குரலை நாம் ஒருபோதும் கேட்கவேயில்லை என்பதே இத்திருப்பத்தின் பொருள். குழி தோண்டிய கைகளின் வலியையும், நிலவறை இருளையும், காவலரிடம் ஓடிய நெஞ்சின் பதற்றத்தையும் நமக்குச் சொன்னவன் அவற்றை அனுபவித்தவன் அல்லன், அனுபவித்தவனைக் கொன்றவன். மறுத்தவனின் சாட்சியத்தை நம்பியவன் தன் வாயால் வழங்குகிறான். கொடுமைக்குள்ளான பிள்ளையின் கதை, அக்கொடுமையை ஏற்றுக்கொண்ட பிள்ளையின் வழியாகவே உலகிற்கு வந்து சேர்கிறது. குடும்பங்களில் இது புதிதன்று. வீட்டில் அடிபட்டவன் விலகிச் சென்றபின், ‘அப்பா நல்லவர்தாம்’ என்று கூறும் உடன்பிறப்பின் சொல்லே குடும்ப வரலாறாக நிலைபெறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஃபென்டனும் அரக்கனே என்று வானவர் கூறியதாகத் தந்தை ஒரு கட்டத்தில் மகனிடமே சொல்லிவிடுகிறார். ஆனால் அதனைத் தாம் நம்ப மறுப்பதாகவும், அவனைக் கொல்ல இயலாதென்றும் கூறுகிறார். ஃபென்டன் பிற்காலத்தில் கொலைஞன் ஆனது அவ்வாக்கை மெய்ப்பிக்கிறது எனப் படம் கொள்கிறது. நாமோ வேறொரு வகையிலும் கேட்கலாம். கோடரியைக் கையில் திணித்தும், குழியில் அடைத்தும், நீ அரக்கன் எனச் சொல்லியும் வளர்க்கப்பட்டவன் கொலைஞன் ஆனால், அது முன்னறிவிப்பு பலித்ததா, வளர்ப்பு பலித்ததா? இவ்வினாவுக்கு இடமளிக்கும் வகையில் கதை அமைந்துள்ளது. படத்தின் முடிவுதான் அவ்விடத்தை மூடிவிடுகிறது.

நம் காப்பியக் கதைகளோடு ஓர் ஒப்பீடு

பிள்ளையைப் பலியிட இறைவன் ஏவுவதும் தந்தை அதற்கு இசைவதும் டெக்சஸ் மாநிலக் கிறித்துவச் சூழலில் ஆபிரகாம்–ஈசாக்குக் கதையை உடனே நினைவூட்டுவன. இப்ராஹிம் நபியின் வரலாறாக அதனை ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் நினைவுகூரும் சமூகத்தோடு நாமும் வாழ்கிறோம். நம் மரபிலோ, சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இத்தகைய வரலாறுகள் இரண்டு உள்ளன.

முதலாவது மனுநீதிச் சோழன் வரலாறு. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் திருவாரூர் வீதியில் தன் ஒரே மகன் மீது தேரைச் செலுத்துகிறான் மன்னன். இரண்டாவது சிறுத்தொண்ட நாயனார் வரலாறு. வயிரவ அடியார் கோலத்தில் வந்த சிவபெருமான், குடிக்கு ஒரே மகனாகிய ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமகிழ்ந்து சமைத்த கறியே தமக்கு வேண்டும் என்கிறார். சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் சீராளனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து அவ்வாறே செய்கின்றனர். பெற்றோர் மகிழ்வதாக எண்ணிப் பிள்ளையும் நகைக்கிறது. அச்சிரிப்பைக் காட்டிலும் நடுக்கம் தரும் காட்சி தமிழில் அரிது.

இவ்வரலாறுகளை ‘பிரெய்ல்டி’யோடு ஒப்பிடுவது அடியார்களைக் கொலைஞரோடு நிறுத்துவதாகாது. கதையமைப்பின் வேறுபாடே நமக்கு இங்கு முதன்மையாகும். அவ்வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, அறிவு வழங்கப்படும் இடம். வந்தவர் சிவபெருமான் என்பதைச் சேக்கிழார் தொடக்கத்திலேயே கற்போர்க்கு உணர்த்திவிடுகிறார். ஆகவே நாம் அச்சத்தோடு படிப்பினும் திகைப்பில் விடப்படுவதில்லை. ‘பிரெய்ல்டி’ அவ்வறிவை இறுதிவரை மறைத்து, பிள்ளையோடு நம்மையும் இருளில் நிறுத்துகிறது.

இரண்டாவது, பிள்ளையின் மறுப்பு. சீராளனுக்குச் சிரிப்பு உண்டு, மறுப்பு இல்லை. மனுவின் மகனுக்கும் தன் பக்கம் வாதிடும் இடம் தரப்படவில்லை. ஃபென்டனோ வாதிடுகிறான், ஓடுகிறான், முறையிடுகிறான், இறுதியில் தாக்குகிறான். பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொல்லும்போது பலி என்பது கொலையாகத் தெரியத் தொடங்குகிறது. இப்படத்தின் தலையாய பங்களிப்பு இதுவே எனலாம்.

மூன்றாவது, மீட்சி. பெரியபுராணத்தில் இரு பிள்ளைகளும் மீள்கின்றனர். அரசிளங்குமரன் எழுகிறான், கன்றும் எழுகிறது, சீராளன் பள்ளியிலிருந்து வருவான்போல ஓடி வருகிறான். மனுவின் செயலைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி எடுத்துரைக்கும்போது மகன் மீண்டதாகப் பேச்சில்லை. நீதியின் கடுமையே அங்கு முன்னிற்கிறது. சேக்கிழார் காட்டும் உலகில் மகன் மீளாமல் கதை நிறைவதில்லை. அச்சம் மருட்கையாகவும் உவகையாகவும் மாறுவதற்கு அம்மீட்சி இன்றியமையாதது. இறைவன் பிள்ளையைக் கேட்கலாம். கேட்டவர் திருப்பித் தரவும் வேண்டும் என்பது அக்காப்பியத்தின் உள்ளார்ந்த நீதி. ‘பிரெய்ல்டி’யில் எவரும் மீள்வதில்லை. ரோசாத் தோட்டத்து மண்ணுக்குள் அனைவரும் அப்படியே கிடக்கின்றனர். கடவுள் இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் இப்படம், அவர் எதையும் திருப்பித் தருவதாகக் காட்டவில்லை.

முடிவு பற்றிய மதிப்பீடு

தந்தை கண்ட காட்சிகள் உண்மை எனப் படம் முடிவதே அதன் துணிவு என்று கருதுவோர் உளர். பைத்தியம் என்று நாம் முடிவு கட்டியதைத் தெய்விகம் என்று காட்டி நம் அறிவின் செருக்கை உடைக்கிறது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. இருப்பினும் படத்தின் நீதி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை நோக்குதல் வேண்டும். தந்தையைக் கொன்ற மகனும் தாயைக் கொன்ற மகனும் அரக்கர் எனத் தீர்க்கப்பட்டு அழிக்கப்படுகின்றனர். பிள்ளையின் கையில் கோடரியைத் தந்த தந்தையோ நல்லவராகவே நிலைநிறுத்தப்படுகிறார். பெற்றோர்மீது கையோங்குவதே பெருங்குற்றம். பிள்ளைக்குப் பெற்றோர் இழைப்பது குற்றமே அன்று என்னும் தீர்ப்பு கதையின் அடியில் ஓடுகிறது. ஆடமின் கதைக்கு வெளியே நிகழும் முகம் கலைந்த ஒளிப்பதிவுகள் அத்தீர்ப்புக்கு முத்திரையிடுகின்றன. அவை இல்லாதிருப்பின், எல்லாம் ஆடமின் கூற்றே என்னும் ஐயம் நிலைத்து, படம் மேலும் உயர்ந்திருக்கும் என்பது எம் கருத்து.

ஆயினும் இம்முடிவை ஏற்றுக்கொண்டு பார்த்தபோதும் நம் அச்சம் தணிவதில்லை என்பதே வியப்பு. கொல்லப்பட்டோர் கொடியோர் என அறிந்தபின்னும், நிலவறையில் கிடந்த சிறுவனின் முகம் நம் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. தந்தை சொன்னது மெய்யோ பொய்யோ, அச்சிறுவன் அஞ்சியது முறையே. தன் கண்ணால் காணாத ஒன்றுக்காகக் கொல்லுமாறு பணிக்கப்பட்ட பிள்ளைக்கு மறுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை கடவுள் இருப்பதாலோ இல்லாததாலோ மாறுவதன்று. இயக்குநர் கருதியோ கருதாமலோ, அவருடைய படம் அதன் தீர்ப்பைவிட ஆழமான இவ்வுண்மையைத் தன்னுள் கொண்டுள்ளது.

முடிவுரை

அச்சத்தின் களன்களை வகுத்தபோது இறையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்த நம் முன்னோர், அன்பும் அதிகாரமும் ஒரே இடத்தில் கூடும்போது அச்சமும் அங்குத் தோன்றும் என்பதை அறிந்திருந்தனர். ‘பிரெய்ல்டி’ அவ்வறிவுக்கு இக்காலச் சான்றாக நிற்கிறது. சிறுத்தொண்டர் வரலாற்றையும் மனுநீதிச் சோழன் வரலாற்றையும் வகுப்பிலும் சமய வகுப்பிலும் நாம் தொடர்ந்து சொல்லிவருகிறோம், இனியும் சொல்வோம். சொல்லுங்கால் பெற்றோரின் உறுதியோடு நிறுத்தாமல், பள்ளியிலிருந்து ஓடிவரும் சீராளனையும் அவற்றின் மையமாகக் காட்டுதல் வேண்டும். கதையைக் கேட்கும் மாணவரும் பிள்ளைகளே. அவர்களுள் ஒருவர் எழுந்து, ‘சீராளன் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?’ என்று வினவக்கூடும். அவ்வினாவைச் சமயக் குறைவாகக் கருதி அடக்காமல், அதற்கு விடைகூற முயல்வதே ஆசிரியராகிய நம் கடமையாகும்.